மாலை போட்ட சர்டிபிகேட்

காலை ஐந்தரை மணிக்கு மாடி வார்டில் பிச்சம்மாள் பினாயில் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். பத்துக் கட்டில், பத்து மூத்திரப் பாத்திரம். குனிந்த முதுகு நிமிர்வதற்குள் ஆறாவது கட்டில்காரர் வாந்தி எடுத்தார். ஷமீரா கறைபட்ட விரிப்புகளை உருவி மூட்டையாகக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள். லிப்ட் இருந்தது. அதில் ஏறினால் அரைநாள் சம்பளம் போகும்.

"கோமதியம்மன் ஒத்தக் கால்ல நின்னு தவசு பண்ணினான்னு ஊரே கூடிக் கும்பிடுது. நாம பன்னெண்டு மணி நேரம் நிக்கோம், ஒரு ஸ்டூல் போட நாதியில்ல" என்றாள் பிச்சம்மாள்.

கீழே கவுண்டரில் பொன்செல்வி கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினாள். அவள்தான் இந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ். படித்த நர்ஸ். திருவேங்கடத்திலிருந்து பஸ் ஏறி நாலு வருஷம் படித்து, இரண்டு வருஷம் வேலைக்காகக் காத்திருந்தவள். வேலை கிடைத்த அன்று அவள் அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள்.

முதலாளி மகாராஜன் டாக்டர் இல்லை. வத்தல் மண்டி வைத்துச் சம்பாதித்தவர். மிளகாய்க்கு விலை இறங்கும், சீக்குக்கு விலை இறங்காது என்று கண்டுகொண்ட நாளில் மண்டியை விற்று ஆஸ்பத்திரி கட்டினார். பொன்செல்வி சேர்ந்த அன்றே அவளுடைய நர்ஸ் பதிவுச் சர்டிபிகேட்டின் ஒரிஜினலை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டினார்.

"ஒனக்கு மாடியில என்ன வேலை? நல்லாப் பேசுத. இங்கன உக்காரு."

ஏழு மாதமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். காய்ச்சல் என்று வந்தவரைக் கட்டிலில் ஏற்ற வேண்டும். தலைவலி என்று வந்தவரை ஸ்கேனுக்குள் தள்ள வேண்டும். அவள் அப்பா சந்தையில் வெங்காயம் விற்பவர். அவரிடமே பாடம் கேட்டிருந்தால் நாலு வருஷம் மிச்சம்.

சுவரில் மொத்தம் மூன்று சர்டிபிகேட். ஒன்றுக்கு உரிய ஜெஸ்லின் குவைத்தில் இருந்தாள். இன்னொன்றுக்கு உரிய ராஜேஸ்வரி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அந்த இரண்டுக்கும் நகல்தான் தொங்கியது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு மூன்று நர்ஸ் என்று கணக்கு. வெள்ளிக்கிழமைதோறும் மூன்றுக்கும் பூச்சந்தையிலிருந்து பிச்சிப்பூ மாலை வரும். செத்தவர் படத்துக்குப் போடுவதுபோல.

"வேலை கெடைச்சது சர்டிபிகேட்டுக்கும்மா, எனக்கில்ல" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தாள்.

"ஏசியில உக்காந்திருக்க. கொழுப்பு" என்றாள் அம்மா.

மாடியில் ஊசி போட்டுவந்தவள் ஷமீரா. பிளஸ் டூ முடித்து, துப்புரவுக்கு என்று சேர்ந்தவள். ரோஸ் சட்டை மாட்டிவிட்டு 'சிஸ்டர்' ஆக்கியிருந்தார் மகாராஜன். போன வாரம் அவள் கவுண்டருக்கு வந்து தயங்கி நின்றாள்.

"அக்கா, இந்த ஊசிக்கு முந்தி தோலுக்கடியில கொஞ்சூண்டு போட்டுப் பாக்கணுமாமே. எப்படின்னு காட்டித் தாங்களேன்."

பொன்செல்வி நிமிரவில்லை. "நாலு வருஷம் படிச்சதை நாலு நிமிஷத்துல கேக்கியோ? ஒனக்கு எதுக்குட்டி ஊசி?"

"எனக்கு மட்டும் ஆசையா? மேல வந்து நீங்க போடுங்களேன், கவுண்டர் மகாராணி!"

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. எதிரே வந்தால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், மற்றவள் கூரையைப் பார்ப்பாள்.

அன்று ஒன்பது மணிக்கு இளையரசனேந்தலிலிருந்து துரைப்பாண்டி வந்தார். மண்வெட்டி பட்ட கால் பூசணியாக வீங்கியிருந்தது. வந்து போகிற டாக்டர் போனில் மருந்து சொன்னார். ஷமீரா ஊசியை எடுத்துக்கொண்டு தயங்கினாள்.

"அண்ணாச்சி, டெஸ்ட் போடாம..."

"டெஸ்டும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். கீழ எட்டுப் பேர் நிக்கானுவ. போட்டுட்டு வாட்டி!" படிக்கட்டில் நின்று கத்தினார் மகாராஜன்.

போட்டாள். இரண்டு நிமிஷத்தில் துரைப்பாண்டியின் உதடு தடித்தது. மூச்சு விசிலடித்தது. ஷமீரா உறைந்து நின்றாள்.

"ஏட்டி பொன்செல்வி! படிச்சவளே! மேல வாட்டி!" பிச்சம்மாளின் குரல் மாடியிலிருந்து விழுந்தது.

பொன்செல்வி மூன்று மூன்று படியாகத் தாவினாள். ஆளைச் சாய்த்துப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனை இடுக்கி டாக்டரிடம் கேட்டுக்கொண்டே மருந்துக் குப்பியை உடைத்து ஊசியில் ஏற்றித் தொடையில் குத்தினாள். ஆக்சிஜன் வைத்தாள். ஏழு மாதத்தில் அன்றுதான் அவள் கைக்கு வேலை வந்தது.

விசில் அடங்கியது. துரைப்பாண்டி கண் திறந்து தண்ணீர் கேட்டார். அவரை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. வாசலில் அவருடைய ஊர்க்காரர்கள் கூட ஆரம்பித்தார்கள்.

மகாராஜன் பொன்செல்வியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, முதல்முறையாக நாற்காலி காட்டினார்.

"உக்காரு தாயி. ஆளு பொழைச்சுக்கிட்டான், ஒன் கைராசி. இப்போ போலீசு வரும். ஷமீரா யாரையும் கேக்காமத் தானா ஊசி போட்டுட்டான்னு நீ எழுதிக் குடு. அவ தூத்துப் பெருக்க வந்தவதானே."

"நீங்கதானே அண்ணாச்சி போடச் சொன்னிய?"

"எழுத்துல இருக்கா?"

மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"எழுதிட்டா நாளையிலருந்து மாடி வார்டு ஒனக்கு. பத்துக் கட்டிலும் ஒன் பொறுப்பு. கவுண்டர்ல வேற ஆளைப் போட்டுக்கிடுதேன். மூணு தடவ வந்து கேட்டியே, இதைத்தானே கேட்ட?"

அதைத்தான் கேட்டிருந்தாள். நல்ல வியாபாரி எதிராளியின் மடியைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்த்தே விலை வைத்துவிடுவான். விலை அவ்வளவு சரியாக இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுதேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒனக்குத்தான் அவளைக் கண்டாலே ஆகாதே."

அதுவும் சரிதான்.

மாடியில் அழுக்கு விரிப்புக் குவியலுக்குப் பின்னால் ஷமீரா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எழுதிட்டீங்களா? அறை வாசல்ல கேட்டுட்டு வந்து பிச்சம்மாக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. எழுதுங்க. நான் ஜெயிலுக்குப் போறேன், நீங்க வார்டுக்கு வாங்க."

"எழுதத்தான் போறேன். அண்ணாச்சி சொல்லித்தான் நீ போட்டன்னு. அப்புறம், நீ கேட்டு வந்தப்போ நான் சொல்லித் தரலன்னும்."

ஷமீரா நிமிர்ந்து பார்த்தாள். நம்பவில்லை. இத்தனை நாள் சுவரையும் கூரையையும் பார்த்தவர்கள் எப்படி உடனே நம்புவார்கள்?

"ஒங்களுக்கும் வேலை போயிருமேக்கா?"

"எனக்கு எங்கன இருந்துச்சு வேலை?"

பிச்சம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "படிக்கட்டுல அண்ணாச்சி கத்தினதை நானும் கேட்டேன். ஸ்கேன் ரூம் ஏசுவடியானும் கேட்டான். எல்லாரையும் கூட்டியாரேன். தனியா எழுதினா ஒன்னை மட்டும் முறிப்பாரு. கட்டா இருந்தா வெளக்குமாறுகூட முறியாதுட்டி."

பொன்செல்வி எழுதினாள். தன் பதிவு எண்ணோடு கையெழுத்துப் போட்டாள். அடுத்து ஷமீரா. ஏசுவடியான் தயங்கித் தயங்கிப் போட்டான், வீட்டில் கைக்குழந்தை. பிச்சம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரைப் பாதிப் பக்கத்துக்கு எழுதினாள். மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது செல்போனிலும் அந்தத் தாள் படமாக ஏறியது.

கவுண்டரில் நின்று படித்த மகாராஜனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"சோறு போட்ட கையைக் கடிக்கியளா? ஒம்பது பேரும் வெளிய போங்க!"

"நாங்க போயிட்டா மேல கெடக்க ஆளுகளை யாரு பாப்பா அண்ணாச்சி? கண்ணாடிக்குள்ள இருக்க ஜெஸ்லினா?" என்றாள் பொன்செல்வி. நாற்காலியில் ஏறித் தன் சட்டத்தைக் கழற்றினாள். சுவரில் வெளுத்த ஒரு சதுரம் மிச்சமிருந்தது.

"ஏட்டி, அதைக் கழட்டினா ஆஸ்பத்திரியவே மூடிருவானுவ!"

"அப்போ இத்தனை நாளும் என் பேர்லதான் ஓடியிருக்கு. வார்டுக்குப் படிச்ச நர்ஸ் இன்னும் மூணு பேர் வேணும். ஷமீராவைப் படிக்க அனுப்பணும். இந்த ஒம்பது பேர்ல ஒருத்தரையும் தொடக்கூடாது."

"தரமாட்டேன். என்ன செய்வ?"

"கவுண்டர்ல ஆள் உக்காராது. நோயாளியப் பாப்போம். புதுசா ஒருத்தரையும் கட்டில்ல ஏத்த மாட்டோம்."

அவர் போலீசுக்குப் போன் போட்டார். பிறகு வக்கீலுக்குப் போட்டார். வாசலில் இளையரசனேந்தல்காரர்களின் சத்தம் உயர்ந்துகொண்டிருந்தது. அவர்களிடம் அந்தத் தாளைக் காட்ட ஏசுவடியான் வெளியே நடந்தான்.

மாடிப்படியில் பிச்சம்மாள் சட்டத்தை வாங்கி, வாடிய மாலையை உருவிக் குப்பைக் கூடையில் போட்டாள். "உசுரோட இருக்கவளுக்கு எதுக்குட்டி மாலை?"

ஆறாவது கட்டில்காரர் கையை நீட்டிப் படுத்திருந்தார். பொன்செல்வி ஷமீராவின் விரல்களைப் பிடித்து அவர் மணிக்கட்டில் வைத்தாள். தன் இன்னொரு கையை அவருடைய மறு மணிக்கட்டில் வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இனி ஊசி நான் போடுதேன். நீ முதல்ல இதைப் படி. அமுக்காத. துடிக்குதா? நான் நிறுத்தச் சொல்லுத வரைக்கும் எண்ணு."

கீழே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. பூட்ஸ் கால்கள் படியேறின. ஷமீராவின் விரல் விலகப் பார்த்தது. பொன்செல்வி விடவில்லை. ஏசுவடியானும் திரும்பி வந்திருந்தான்; படியில் உட்கார்ந்திருந்த மற்ற எழுவரும் தோளோடு தோள் ஒட்டி எழுந்து நின்றார்கள்.

"நிறுத்து. எத்தனை?"

"எழுபத்தெட்டு."

"எழுபத்தாறு. மறுபடி எண்ணு."