அண்ணிக்கு வந்த கோபம்

அந்தச் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். கூடவே வேலை பார்க்கும் நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மேற்பார்வையாளரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். வாயில்லாப்பூச்சி. எட்டு வருஷத்தில் ஒருவரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு சூடான உருளைக்குள் செலுத்த வேண்டும். ஒரு முனையை அண்ணி பிடிப்பாள், மறுமுனையை நாத்தனார். உருளைக்கு முன்னால் ஒரு காவல் கம்பி; விரல் பட்டால் மெஷின் நின்றுவிடும். துணி மடிப்பு பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. வேலை ஓடவில்லை என்று மேற்பார்வையாளர் தினமும் பிடுங்கி எடுத்ததில், கிழிந்த விரிப்பின் கரையால் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார்கள். கட்டியது வேறு யாருமில்லை, அண்ணியேதான். மூன்று வாரமாகிறது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மெஷினைப் போட்டாலே கை ஜில்லிடும், நெஞ்சு படபடக்கும். வாயைத் திறந்து சொன்னால்தானே!

அன்று நாத்தனார் நின்றபடியே தூங்கி வழிந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், மூன்று நாளாக அவள் கண்ணை மூடவில்லை.

"சார், இன்னிக்கு மட்டும் இவள மடிக்கிற பக்கம் போட்டுடுங்களேன்," என்று அண்ணி கெஞ்சினாள்.

"மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொல்லுங்க அண்ணி, எல்லாம் சரியாயிடும்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நாத்தனார் வந்து மெஷின் முன்னால் நின்றாள். அதைப் பார்த்ததும் அண்ணிக்கு அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பியது. வழக்கமான பயம் என்றுதான் நினைத்தாள். பயமென்றால் கை ஜில்லிட்டிருக்க வேண்டுமே! காது மடல் அல்லவா சுட்டது. கோபம். அவர் மேல், தன் மேல், தான் போட்ட அந்த முடிச்சின் மேல்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கத்தரிக்கோலை எடுத்து முடிச்சை அறுத்தாள்; கம்பி பழைய இடத்துக்கு இறங்கியது.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "யாரு நிறுத்தினது?"

"நான்தான். இந்தக் கம்பியக் கட்டினா இவ இங்க நிக்க மாட்டா, நானும் நிக்க மாட்டேன். வேணும்னா நீங்க வந்து நில்லுங்க."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போனா போகட்டும். இவ கை போனா யாரு குடுப்பா? நீங்களா?"

அண்ணிக்கே ஆச்சரியம், குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. நெஞ்சுப் படபடப்பு போன இடம் தெரியவில்லை. மூன்று வாரமாக மண்டைக்குள் குடைந்ததெல்லாம் அடங்கி, அடுத்து என்ன செய்வது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கோபம் பொல்லாதது, பொல்லாதது என்று சொல்லியே வளர்த்துவிட்டார்கள் பாவிகள். அது முதுகை நிமிர்த்தும் என்று ஒருவராவது சொன்னார்களா?

மடிக்கும் பெண்கள் இருவர் கைவேலையை வைத்துவிட்டு அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றார்கள். மேற்பார்வையாளர் முறைத்தார். "மேல சொல்றேன்," என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நீ மடிக்கிற பக்கம் போடி," என்றாள் அண்ணி.

"வேணாம் அண்ணி, இன்னொரு சண்டை வேணாம்," என்று நாத்தனார் அசையவில்லை.

மெஷினைப் போட்டார்கள். துணி மடங்கி இரண்டு தரம் நின்றது. மறுபடி போட்டார்கள்.

மூன்றாம் தரம் நின்றபோது துணியில் மடிப்பே இல்லை. நாத்தனாரின் கண்கள் மூடியிருந்தன. விரல்கள் கம்பியின் மேல் கிடந்தன.

திடுக்கிட்டு விழித்தாள். "தூங்கிட்டேனா அண்ணி?"

அண்ணி அந்தக் கையை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.