கரசெங்கிரில் இரண்டு நிமிடம்

புல்வெளி நடுவே இருந்த கரசெங்கிர் ஸ்டேஷனில் பயணிகள் வண்டி நின்றுபோய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகி, கடைசியில் இரண்டே வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. ஒன்று, கடந்துபோகும் சரக்கு வண்டிகளுக்குக் கொடி காட்டும் அக்மராலின் வீடு. இன்னொன்று, தண்டவாளம் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற துய்செனின் வீடு. அக்மராலுக்கு வயது நாற்பத்தெட்டு. வேலை தேடி நகரத்துக்குப் போன கணவன் அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். துய்சென் மனைவியைப் பறிகொடுத்தவர், அறுபதைத் தாண்டியவர். மாலையானால் இருவரும் ஒரே மேஜையில் பால் விட்ட தேநீர் குடித்தார்கள். அதைப் பற்றிப் பேச அங்கே மூன்றாவது ஆள் இல்லை.

நாடு முழுக்க நின்றுபோன பயணிகள் வண்டிகளை மறுபடி விடப்போவதாக ஒருநாள் வானொலியில் சொன்னார்கள். வேண்டுமென்கிற ஊர் ஐம்பது கையெழுத்தோடு மனுப்போட வேண்டும்.

"அம்பதா? நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டா கை ஒடிஞ்சிரும்," என்றார் துய்சென்.

"சுத்துவட்டாரத்துல ஆடு மேய்க்கிறவங்க இல்லியா? உங்க மோட்டார் சைக்கிள எடுங்க, பெரியவரே."

அந்தக் கோடை முழுக்க அவர் ஓட்ட, இவள் அதன் பக்கவாட்டில் பொருத்திய இருக்கைப் பெட்டியில் காகிதத்தை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து புல்வெளியெங்கும் அலைந்தார்கள். ஒரு கூடாரத்தில் ஆட்டுக்காரன் பேனாவைத் தொட மறுத்தான். "ரயிலு வந்தா எம் பொண்டாட்டி மாசம் ஒருக்கா அம்மா வீட்டுக்குக் கெளம்பிருவா!" அவன் மனைவி பேனாவைப் பிடுங்கித் தன் பெயரை முதலில் எழுதினாள். அன்று திரும்பும் வழியெல்லாம் அக்மரால் சிரித்துக்கொண்டே வந்தாள். இப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

ஐம்பத்துமூன்று கையெழுத்து சேர்ந்தது. ஒரு வருஷம் கழித்து அனுமதி வந்தது: வியாழன்தோறும் கிசில்ஒர்தா நகரத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வண்டி இரண்டு நிமிடம் நிற்கும். அவள் மேடை விளிம்புக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அவர் பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசினார்.

முதல் வியாழன் காலை, தேய்த்த சீருடையோடு அவள் மேடையில் நின்றாள். துய்சென் நல்ல கோட்டும் நரித்தோல் தொப்பியும் போட்டு வந்தார். கையில் கயிறு கட்டிய இரண்டு பெட்டிகள்.

"இது என்ன?"

"கிசில்ஒர்தால இருக்கிற மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. மண் ரோட்டுல தொண்ணூறு கிலோமீட்டர் ஒரே மூச்சாக் குலுங்கிப் போக இந்த இடுப்பு தாங்காது. வண்டி வரட்டும்னுதான் இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லியிருந்தா நீ கையெழுத்து வாங்கப் போயிருப்பியா?"

"எப்ப வருவீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் மோட்டார் சைக்கிள் சாவியை நீட்டினார். "ஓட்டப் பழகிக்க. உனக்கு உதவும்." அவளுக்கு விளங்கிவிட்டது.

வண்டி வந்து நின்றது. அவர் ஏறினார். இரண்டு நிமிடம் முடிந்தது. அவள் கொடியைக் காட்டினால்தான் வண்டி நகரும். பச்சைத் துணியைக் கம்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். மூன்று நிமிடம். நான்கு. பெட்டி வாசலிலிருந்து நடத்துநர் சவுலே கத்தினாள்: "அக்கா! கொடி! தூங்கிட்டீங்களா?"

துய்சென் ஜன்னலில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்திருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் கொடியை உயர்த்தினாள்.

அந்தப் பனிக்காலம் நீண்டது. வானொலியில் செய்தி வாசிப்பவனுக்கு அவள் வாய்விட்டுப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் அது தன் காதிலேயே விழ, வானொலியை அணைத்தாள். அமைதி அதைவிட மோசமாக இருந்ததால் மறுபடி போட்டாள். வியாழக்கிழமைகளில் சில வாரம் யாரும் ஏறவில்லை. சில வாரம் அந்த ஆட்டுக்காரன் மனைவி இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போனாள். அவர்களுக்காவது வண்டி உதவுகிறதே என்று அக்மராலுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். வண்டி போனபிறகு அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லை.

துய்சென் திரும்பி வரவில்லை. ஆகஸ்டில், எதிர்த் திசையில் வந்த வண்டியிலிருந்து சவுலே ஒரு பெரிய முலாம்பழத்தை இறக்கிக் கொடுத்தாள். "கிசில்ஒர்தால ஒரு பெரியவர் குடுத்தாரு. காயிதம் எதுவும் இல்ல."

அது ஒரு குடும்பமே சாப்பிடக்கூடிய பழம். அக்மரால் அன்றே அறுத்தாள். மூன்று நாள் அதையே சாப்பிட்டாள். நான்காம் நாள் மிச்சமிருந்த பாதி புளித்துவிட்டது.

அடுத்த வியாழன் சவுலே பெட்டி வாசலில் நின்று கேட்டாள். "அவரு விசாரிப்பாரு அக்கா. என்ன சொல்ல?"

"இனிப்பா இருந்துச்சுன்னு சொல்லு."

கொடியை எடுத்தாள். பிறகு பெட்டிக்கு அருகே இரண்டடி வந்து, "பாதி வீணாப் போச்சுன்னும் சொல்லு," என்றாள்.