மைலோ தாண்டும் கேட்

…உட்கார் என்று நான் பதினோராவது முறை சொல்லியும் உட்காராத நாய், குளித்துவிட்டுத் துண்டோடு வந்த சுகுமாறன் போகிற போக்கில் "சிட்" என்றதும் உட்காருகிறது, என் கையிலிருக்கும் கோழி சாசேஜைக்கூட மறந்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம், பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வந்து, கண் எரிய, தூக்கத்தை விட்டுவிட்டு நான் பாடம் நடத்துகிறேன், அவன் தலை துவட்டுகிற நேரத்தில் பெயரை வாங்கிக்கொண்டு போகிறான். எப்போதும் இப்படித்தான். ஸ்கூடாய் பல்கலைக்கழகத்துக்கு ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர வந்தவர்கள் நாங்கள், லாபிஸிலிருந்து நான், ரெங்கத்திலிருந்து அவன், இரண்டாம் ஆண்டில் நான் கணிதத்தில் விழுந்து, மறுபடியும் விழுந்து, போதும் என்று இரவு ஷிப்டுக்குப் போனேன், அவனுக்கு இந்த ஆண்டு பட்டமளிப்பு, சுகு எப்போது அங்கி போடுகிறான் என்று அம்மா போனில் என்னிடமே கேட்கிறாள். கேட்கட்டும். ஆனால் நாய் என்னுடையது, ஆலைக்கு வெளியே மழையில் என் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்ததை ரெயின்கோட்டில் சுருட்டி இந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான், மூன்று மாதமாகிறது, கலக்கிக் குடிக்கிற மைலோவின் நிறம் என்று அந்தப் பெயர் மட்டும் அவன் வைத்தான்… அதையும் நான் ஏன் விட்டுக்கொடுத்தேன்?

நாளை ஞாயிறு. கோயிலுக்குப் போகிற வழியில் எட்டு மணிக்கு வீட்டுக்காரர் சத்தியபாமா ஆன்ட்டி வருகிறார், நான் வேலை முடிந்து வந்துசேரும் அதே நேரம். "இன்னொருக்கா கேட்டைத் தாண்டினா, நாயை ஆரிட்டயாவது குடுத்துடுங்கோ தம்பி, நான் ரெண்டு தரம் சொல்ல மாட்டன்," என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். அவர்மீது குற்றமில்லை, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் ரோஸ்னா, வாசலில் விட்டிருந்த செருப்பை இது போய் நக்கிவிட்டது, நாய் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்கத்தில் உள்ளபடி மக்சிக் அதை ஏழு தடவை கழுவினார், அதில் ஒரு தடவை மண் கரைத்த நீரில், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கட்டிப் போட்டால் ஊளையிடுகிறது, அது வேறு புகார். அதனால்தான் இந்தப் பயிற்சி, கேட்டைத் திறந்துவைத்து, "இரு" என்று சொல்லிவிட்டு நான் பின்னால் நகர வேண்டும், அது அங்கேயே இருக்க வேண்டும். இருப்பதில்லை. இரண்டடி வைத்ததும் எழுந்து வந்து என் பூட்ஸ்மேல் உட்காருகிறது, எதுவும் ஏறாத மண்டை, என் மண்டையைப் போல. சுகுமாறன் "இரு" என்று சொல்லிவிட்டு முனைக் கடைவரை போய் ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வந்தான், நேற்று, நான் பார்த்துக்கொண்டே நின்றேன், நாய் அசையவில்லை.

"ராத்திரியெல்லாம் ரோட்டுல சுத்த விட்டுட்டு, என் முன்னாடி மட்டும் வித்தை காட்டுறியா," என்று இன்று கேட்டேவிட்டேன். பொய்யா, தினமும் நான் வரும்போது அது தெருவில்தானே நிற்கிறது, மக்சிக் வீட்டுக்கு நேராக, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு? அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சிரித்தான். "யாரு சுத்துறா? விடிய விடிய வாசல்ல அசையாம கெடக்கு லா. உன் மோட்டார் முனைக் கடைகிட்ட வந்தாத்தான் கேட்டைத் தாவுது. நூறு மோட்டார் போகுது, அதுக்கெல்லாம் காதுகூட தூக்காது." ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். பொத்தானைத் தப்பான துளையில் போட்டிருந்தான், கழற்றினான், மறுபடி போட்டான். "சொன்னா நீ ரொம்ப ஆடுவ. எனக்கு அது சொன்னதக் கேக்கும், அவ்வளவுதான். ஒரு நாளாவது எனக்கு வாலாட்டிப் பாத்திருக்கியா?" பிறகு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு முனையிலயே எஞ்சின ஆஃப் பண்ணிட்டு தள்ளிக்கிட்டு வா, ஆன்ட்டி ஒண்ணும் பேச மாட்டாங்க," என்றான், போய்விட்டான்.

மூன்று மாதமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறான், பட்டம் வாங்கப் போகிறவன், ஒரு நாயின் வாலுக்காக… எனக்குச் சந்தோஷம் வந்தது, நல்ல சந்தோஷம் இல்லை, அவன் தட்டிலிருந்து பிடுங்கித் தின்பதைப் போல. சரி, நாளை தள்ளிக்கொண்டு வருகிறேன், இருநூறு அடி, பெரிய வேலையா. ஆனால் மறுநாளும் தள்ள வேண்டும், அதற்கு மறுநாளும், சொந்த வீட்டுக்குத் திருடனைப் போல நுழைய வேண்டும், கொஞ்ச நாளில் அது காதைத் தூக்குவதை நிறுத்திவிடும், நல்ல நாய் என்று எல்லோரும் சொல்வார்கள், அந்த நல்ல நாய் யாருடையதாக இருக்கும்? படுத்துவிட்டேன், திரைச்சீலையை இழுத்துவிட்டேன், தூக்கம் வரவில்லை. எஞ்சினை அணைத்துவிடுவேன், வேறு வழியில்லை… ஆனால் முனைக் கடைக்கு முன்பா, அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வந்தா, எவ்வளவு தூரம் வந்து அணைத்தால் அதற்குக் கேட்கும், கேட்டும் தாண்டாமல் இருக்கும்?