மண்ணில் விட்ட தண்டு

எங்கள் பக்கத்தில் காளானை வேரோடு பிடுங்குகிறவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. காட்டுப் பன்றி என்பார்கள். கத்தியால் தண்டை வெட்டி எடுக்க வேண்டும், அடியை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும், அப்போதுதான் அடுத்த வருஷமும் அங்கே முளைக்கும். புரோனியா பேசப் பழகிய நாளிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள். யாராவது பிடுங்கினால் காட்டிலேயே நிறுத்தி வைத்துத் திட்டித் தீர்த்துவிடுவாள். தலைநகர் வார்சாவிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கூடையைப் போட்டுவிட்டே ஓடியிருக்கிறது.

அவள் கணவன் சிப்ரியான் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செப்டம்பர் கடைசியில் அவன் பெயர் கொண்ட புனிதரின் திருநாள் வரும். எங்களுக்குப் பிறந்த நாளைவிடப் பெயர் நாள்தான் பெரிது. அன்று அவனுக்குக் கேக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெண்ணெயில் வறுத்த புறாக் காளான் இருந்தாக வேண்டும். பச்சை படர்ந்த தொப்பி, அதனடியில் வெள்ளை மடிப்பு. புறாவின் நிறம் என்று யாரோ சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வழக்கமான இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறுங்கையோடு திரும்ப அவளுக்கு மனசு வரவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம், ஓக் மரங்கள் வரை நடந்தாள். அங்கே சருகுக்கு நடுவில் பச்சைத் தொப்பிகள். எப்படியும் தண்டைப் புழு அரித்திருக்கும் என்று தொப்பியை ஒட்டியே வெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். வாணலியில் ஒரு வெங்காயத்தையும் போட்டாள். விஷம் இருந்தால் வெங்காயம் கறுக்கும் என்பது எங்கள் சமையலறைகளின் சட்டம். எந்த மடையன் போட்ட சட்டமோ தெரியவில்லை. வெங்காயம் அழகாகப் பொன்னிறத்தில் வதங்கியது.

வறுத்ததும் சுருங்கி ஒரு தட்டுக்குத்தான் வந்தது.

"உனக்கு எங்கடி?" என்றான் சிப்ரியான்.

"எனக்கு உருளைக்கிழங்கும் மோரும் போதும். உன் நாளாச்சே, தின்னு."

"அப்புறம் ஒரு வாய் குடுன்னு கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டேன், கிழவா. தட்டை மட்டும் மிச்சம் வை."

மறுநாள் விடிந்தபோது அவனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தன. மதியத்துக்குள் ஆள் துவண்டுபோனான். டாக்டரிடம் போகலாம் என்று புரோனியா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"போய் என்ன சொல்லுவே? காளான் தின்னேன்னா?" வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "பக்கத்து வீட்டு லெயோகாடியா காதுல விழட்டும், ஞாயித்துக்கிழமை பூசையில பாதிரியாரே உன்னைப் பத்திப் பிரசங்கம் வெச்சிடுவார். நேத்துக் குடிச்ச செர்ரிச் சாராயம்தான் ஒத்துக்கலே. விடு."

அவள் விட்டாள். சாராயம் என்று நம்புவது அவளுக்கும் வசதியாக இருந்தது. புரோனியா பறித்த காளானில் கோளாறு என்று ஒரு சொல் ஊரில் வருவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த நாள் வாந்தி நின்றுவிட்டது. சிப்ரியான் எழுந்து முகம் மழித்துக்கொண்டு, ரொட்டியும் முட்டையும் கேட்டு வாங்கித் தின்றான். புரோனியா அடுப்படியிலேயே நின்று செஸ்தோகோவா மாதாவுக்கு நன்றி சொன்னாள். சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நேத்துப் பூரா மனசுக்குள்ள காளானைத்தானே சபிச்சுக்கிட்டிருந்தே?" என்றான் அவன். "போ, இன்னும் நாலு கொண்டா. உன் கண்ணு முன்னாடியே தின்னு காட்டறேன்."

சிரித்துக்கொண்டேதான் கிளம்பினாள். இரவு நல்ல மழை பெய்திருந்தது. ஓக் மரத்தடியில் குனிந்தபோது அவள் விட்டுப்போன தண்டு ஒன்று கண்ணில் பட்டது. சுற்றியிருந்த மண்ணை மழை கரைத்திருந்தது. தண்டின் அடியில், உடைத்த முட்டை ஓடு போல, வெள்ளையாக ஒரு பை.

அந்தப் பை எந்தக் காளானுக்கு இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மரணத் தொப்பிக் காளான். புறாக் காளானுக்கு அடியில் பை கிடையாது. அடுத்த தண்டைக் கத்தியால் தோண்டினாள். சுத்தமாக இருந்தது. அதற்கடுத்ததில் பை. அப்புறம் கத்தியை எறிந்துவிட்டு நகத்தாலேயே தோண்டினாள். பை, பை, ஒன்று சுத்தம், மறுபடி பை. ஒன்றையாவது பிடுங்கியிருந்தால் கையோடு வந்திருக்கும். எல்லாவற்றையும் பத்திரமாக மண்ணுக்குள் விட்டுவிட்டு, மேலே பச்சையாக இருந்ததை மட்டும் வெட்டிக்கொண்டு போய் அவன் தட்டில் வைத்திருக்கிறாள்.

யாருக்குத் தெரியக் கூடாது என்று பயந்தாளோ, அந்த லெயோகாடியாவின் காரில்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். லெயோகாடியா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் வண்டியை விரட்டினாள். சிப்ரியான் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான், நல்லாயிருக்கிறவனை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று.

டாக்டர் சவிட்ஸ்கா இளம்பெண். புரோனியா கைக்குட்டையில் முடிந்து வந்த தண்டுகளைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் புரோனியாவை வெளித் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள்.

"வாந்தி நின்னு நல்லாயிட்ட மாதிரி தெரியும் அம்மா. இந்த விஷத்தோட குணமே அதுதான். உள்ளே ஈரல் அழிஞ்சுக்கிட்டிருக்கு. முதல் நாளே வந்திருந்தா…"

"என் ஈரலை வெட்டி எடுத்து அவருக்கு வெச்சுடுங்க."

"உங்க வயசுல எடுக்க மாட்டாங்க அம்மா. வார்சாவுக்குத் தகவல் சொல்லியிருக்கோம். யாருடைய ஈரலாவது கிடைச்சா, அதைத் தாங்கற மாதிரி அவர் உடம்பும் இருந்தா…"

"நான் என்ன செய்யணும்?"

"போய்ப் பக்கத்துல உக்காருங்க."

"அது இல்ல. நான் என்ன செய்யணும்னு கேட்கறேன்."

புரோனியாவின் கைகள் தாமாகவே மேல்துணியைப் பிசைந்துகொண்டிருந்தன. இத்தனை வருஷமாக அவனுக்குச் சளி என்றால் தேன் காய்ச்சியிருக்கிறாள், முதுகு பிடித்தால் தைலம் தேய்த்திருக்கிறாள். இன்று செய்ய ஒரு வேலையும் இல்லை. அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

அறைக்குள் சிப்ரியான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, நர்ஸிடம் மில் காலத்துக் கதை ஏதோ அளந்துகொண்டிருந்தான். நர்ஸும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் கண்ணின் வெள்ளை, காலையில் இருந்த வெள்ளையாக இல்லை, மஞ்சள் படர்ந்திருந்தது. புரோனியா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததை மறைக்கத் தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் கதையை நிறுத்தினான்.

"என்னடி ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

அவன் ஊசி குத்தாத கையால் போர்வையை ஒதுக்கி, கட்டிலில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தான். வாசலில் நின்ற டாக்டரைப் பார்த்துக் குரலை உயர்த்தினான்.

"டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல, நான் அப்பவே சொன்னேன். முதல்ல இவளைக் கொஞ்சம் பாருங்க."