பெயர் நீக்கப்பட்ட கோவிந்த்

1.
இந்தக் கதை எனக்கு ஒரு மாநாட்டுச் சாப்பாட்டு வரிசையில் கிடைத்தது. பொய் சொல்வானேன், மீன் குழம்பு பிரமாதம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'ஃபிஜித் தீவின் சிகடோகா கடற்கரையில் அலைகள் துயரத்துடன்...' [அடித்துவிட்டேன். அலை பாட்டுக்கு அலையட்டும், ஆள் உள்ளே கிடக்கிறான்.]

2.
ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த சமயம். எந்தக் கவிழ்ப்பு என்பீர்கள். ஃபிஜியில் ஆண்டைச் சொன்னால்தான் புரியும். 2006. சுவாவில் டாக்சி ஓட்டும் கோவிந்த், நங்கோனா என்கிற போதை தரும் வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்த இடத்தில் சிப்பாய்களைத் திட்டினான். யாரோ போட்டுக்கொடுத்தார்கள். ராணுவ முகாமுக்கு இழுத்துப் போனார்கள். அவன் மனைவி ஊர்மிளா வாசலில் போய் அழுதாள். "பெரிய இடத்துக் காகிதம் கொண்டா, பாக்கலாம்," என்றான் காவல் சிப்பாய்.

அவள் சட்ட உதவி செய்யும் மோகினியிடம் ஓடினாள். மோகினிக்குத் தெரிந்த வக்கீல்களோ ஆக்லாந்துக்குப் பறந்துவிட்டார்கள். மனித உரிமை அறிஞர்களையும் களப்பணியாளர்களையும் இணைக்கப் போகும் வலையமைப்பை அவள் மலைபோல நம்பினாள்.

3.
வலையமைப்பு சிகடோகா ஹோட்டலில் கூடியது. முந்தைய கவிழ்ப்பில் ஆக்லாந்துக்குக் குடிபோன பேராசிரியர் நவ்னீல் தலைமை. காலை முழுக்க வலையமைப்புக்குப் பெயர் தேடினார்கள். மதியம் அறிக்கை வந்தது: 'சுவாவின் போக்குவரத்துத் தொழிலாளர் ஒருவரை உடனே விடுவிக்க வேண்டும்.'

(பேசியது ஃபிஜி இந்தி. தமிழ் பேச வைத்தது என் அடாவடி.)

"மாஸ்டர்ஜி, கோவிந்த் பேரு எங்க?" என்று நவ்னீலைக் கேட்டாள் மோகினி.

"பாதிக்கப்பட்டவர் பேரைப் போடக்கூடாதும்மா. ஆராய்ச்சி நெறி. அவருக்கு ஆபத்து."

"ஆபத்துதான் ஏற்கெனவே வந்து கூட்டிட்டுப் போயிடுச்சே."

கூடியிருந்த அறிஞர்கள் ரசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பெயர் மட்டும் ஏறவில்லை. மோகினி அந்த அறிக்கையையே வாங்கிக்கொண்டு ஊர்மிளாவோடு முகாமுக்குக் கிளம்பினாள்.

4.
முகாம் வாசலில் சிப்பாய் அறிக்கையை நிதானமாகப் படித்தான்.

"இதுல கோவிந்த் எங்க இருக்கான்? பேரில்லாத ஆளை எப்படி விடறது?"

"என் புருஷன் பேரை எழுதக் கூசினவங்க யாரு, அக்கா?" என்றாள் ஊர்மிளா மோகினியிடம்.

முடிவு அ: நவ்னீல் வேறு அறிக்கை அனுப்புகிறார். [அவர் விமானத்தில் தூங்குகிறார்.]

முடிவு ஆ: அறிக்கையில் பெயரைச் சேர்க்க மோகினி பேனாவை எடுக்கிறாள். "எழுதறவங்க கையெழுத்தும் போடணும்," என்கிறான் சிப்பாய். போட்டால் அவளும் உள்ளே போகலாம்.  ஆனாலும் கோவிந்தின் நிஜப் பெயரை எழுதப்...

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கோவிந்த் என்பது நான் வைத்த பெயர். நிஜப் பெயரை எழுத எனக்கும் பயம். காரணம் கேட்டால் நவ்னீல் சொன்னதையே சொல்வேன்.

மோகினி பேனாவைப் பிடித்தபடி நிற்கிறாள். உங்களுக்கு வேண்டிய ஒருவன் உள்ளே இருந்தால் அவள் என்ன எழுத வேண்டும்? சத்தமாகச் சொல்லுங்கள், சிப்பாய்க்குக் கேட்கட்டும்.