கடைசிப் பெண் மொட்டு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் என் மேல்தான். ஆறு வருடமாக நானும் என் வீட்டுக்காரரும் நல்ல காயாகப் பார்த்து விதை எடுத்துவந்த குட்டைச் சுரை. போன மழையில் ஜாடிக்குள் ஈரம் இறங்கி விதையெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. தேறியது நான்கு. மொட்டைமாடியில் முளைத்தது ஒன்று. அந்த ஒரு கொடியிலிருந்து கலப்பில்லாத விதை எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் ஆறு வருடமும் போச்சு.

2

முதல் தொடக்கம்: ‘பக்கத்து மாடியில் ஒரு கொடூரன் கசப்புச் சுரை வளர்த்து...’

(இந்த வரியை அடித்துவிட்டேன். அவர் தையல்காரர். காயவைத்துக் குடுவை செய்வதற்காக வளர்க்கிறார். அந்த மகரந்தம் என் பூவில் பட்டால் என் விதையிலும் கசப்பு ஏறும். வில்லனுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஆனால் நேரில் போய்ச் சண்டை போட்டபோது மனிதர் ஒத்துழைக்கவே இல்லை.)

“அட, இதுக்கா இவ்வளவு கோவம்? பூவுக்கு உறை தைச்சுத் தரேம்மா. லைனிங் துணி நிறையக் கிடக்கு.”

தைத்தும் கொடுத்துவிட்டார். கதை படுத்துவிட்டது.

3

ஆகவே உண்மையான குற்றவாளிக்கு வருகிறேன். சுரைப்பூ சாயங்காலம் விரியும். அதற்கு முன்பே, மொட்டிலேயே, ஆண் பூவுக்கும் பெண் பூவுக்கும் உறை மாட்ட வேண்டும். விரிந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, மறுபடி உறையைக் கட்ட வேண்டும். முதல் பெண் பூ விரிந்தபோது நான் மேலே அடித்த அந்தக் கொடூரன் வரியை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவதற்கு ஓடிப்போய் உறை மாட்டினேன். உள்ளே ஏற்கெனவே ஒரு அந்துப்பூச்சி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. (இதை எழுதவே வெட்கமாக... சரி, எழுதியாயிற்று.)

“கதை எங்கயும் ஓடிப் போயிடாதுடி,” என்றார் வீட்டுக்காரர். “பூ போயிடும்.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுதானே ரெண்டைக் கோட்டை விட்ட?”

4

கொடி காய ஆரம்பித்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு பெண் மொட்டு. மத்தியானமே அதற்கும் ஒரு ஆண் மொட்டுக்கும் உறை மாட்டிவிட்டேன்.

முடிவு அ: காய் முற்றி, விதை குலுங்கி...

முடிவு ஆ: அடுத்த வருடம் முதல் துண்டிலேயே தூ என்று...

இரண்டையும் நம்பாதீர்கள். கலப்பு நேர்ந்ததா என்பது இந்தக் காயின் ருசியில் தெரியாது. இதன் விதையைப் போட்டு, அந்தக் கொடி காய்த்தால்தான் தெரியும். அதுவரை எந்தப் பத்திரிகை எனக்காகக் காத்திருக்கும்?

“ஏய், விரியுது!” மாடியிலிருந்து வீட்டுக்காரர் கத்துகிறார்.

வாசகரே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கசப்பாகவே எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். அடடா, பிரமாதமான கடைசி வரி ஒன்று இப்போதுதான் வந்து நிற்கிறது. போய்த் தொலையட்டும். இந்தப் பூவை விடமாட்டேன்.