மூன்று கால் ஒட்டகம்

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சும்மாவே படம் வரைந்து கொடுக்கிறேன் என்று தெரிந்ததும் தெருவே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. "உனக்கு எவ்வளவு பெரிய மனசு!" மண்ணாங்கட்டி. என் பையன் கடைசி வரை அங்கேதான் கிடந்தான். அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸம்மா கேட்டபோது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். மனசு என்று ஒன்று இருந்தால்தானே பெரிசு, சிறிசு.

எங்களுக்குக் கடை போர்டு எழுதுகிற தொழில். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. எனக்குக் கூட்டு அவர் தம்பி. நர்ஸம்மா கேட்டது சுவரில் இல்லை, கூரையில்.

"மல்லாந்தே கிடக்குற பிள்ளைங்க சுவத்த எங்கம்மா பாக்குது?"

நியாயம்தான். ஒவ்வோர் அறையாக நீல வானம், மேகம், பறவை என்று வரைந்துகொண்டே வந்தோம். கடைசியில் என் பையன் இருந்த அறை மட்டும் மிச்சம்.

அந்த அறைக் கூரையில் ஒரு பழுப்புக் கறை. எப்போதோ மேலே குழாய் ஒழுகியதில் வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஒட்டகம் என்று கண்டுபிடித்தவன் என் பையன்தான். திமில் இருந்தது, நீளக் கழுத்து இருந்தது, கால் மட்டும் மூன்று. "அம்மா, நீ பெயிண்டர்தானே? இன்னொரு கால் போட்டு விடேன்" என்று நச்சரிப்பான்.

"நீ வீட்டுக்குக் கிளம்புற அன்னைக்குப் போட்டுத் தரேன்டா" என்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவைச் சாட்சிக்கு இழுப்பான்.

அங்கே ஏணியைச் சாத்தியதும் கொழுந்தன் என் முகத்தைப் பார்த்தான்.

"என்னடா பாக்குற? கறைக்கு முதல்ல சீலர் அடி."

சீலர் அடிக்காமல் பெயிண்டை ஏற்றினால், கறை கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வெளியே வந்துவிடும்.

"அண்ணி, அது வந்து..."

"எதுவும் பேசாத. ரெண்டு கோட் அடி."

நான் வராந்தாவில் நின்று பிரஷ் கழுவினேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. திரும்பிப் போனபோது கூரை வெள்ளைவெளேரென்று இருந்தது, ஒட்டகம் இல்லை. அதன்மேல் நானே வானத்தை வரைந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் நர்ஸம்மா போன் செய்தார். "வானத்துல என்னவோ அழுக்காத் தெரியுதும்மா."

மானம் போனது. எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மேகங்களுக்கு நடுவே அதே திமில், அதே கழுத்து.

"சீலர் அடிச்சியா இல்லையா?"

கொழுந்தன் திருதிருவென்று முழித்தான். "அடிச்சேன் அண்ணி."

"பூசி மெழுகாத. அடிச்சிருந்தா எப்படி வரும்?"

"மத்த இடமெல்லாம் அடிச்சேன். அவனோட ஒட்டகத்து மேல மட்டும் வெறும் வெள்ளைய அடிச்சு விட்டுட்டேன். மனசு கேக்கல."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கூறு கெட்டவனே, சும்மா செய்ற வேலைன்னா உனக்கு இளப்பமா, உன்னையெல்லாம் நம்பினேன் பாரு. ஓரமாகத் தள்ளியிருந்த கட்டிலில், வேறு அறைக்கு மாற்ற ஆள் வருவதற்காக ஒரு சின்னப் பெண் காத்திருந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

சீலர் டப்பாவோடு ஏணியில் ஏறினேன்.

"ஆன்ட்டி, அந்த ஒட்டகத்த அழிக்கப் போறீங்களா?"

"ஆமாம்மா."

"அதுக்கு ஏன் ஒரு கால் இல்ல?"

நிமிர்ந்து அந்த மூன்று காலையும் பார்த்தேன். பிறகு டப்பாவை மூடிக் கீழே நீட்டினேன்.

"பழுப்பக் குடுடா. சின்ன பிரஷும் குடு."

கொழுந்தன் எடுத்துக் கொடுத்தான். தொடை, முட்டி, தட்டையான பாதம் என்று மேலிருந்து கீழாக வரைந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

ஏணி மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி கொழுந்தன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

"ஆட்டாமப் பிடிடா" என்றேன். "கால் கோணலாப் போகுது."